எட்டு நிமிடக் கூத்தும் அதற்கு முந்தைய ஒரு மாதமும்: எங்கள் பள்ளி ஆண்டு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், ஆண்டு விழாக் குழு ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

விழா முடிந்து பந்தலையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இவர்களுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிலருக்குத் தோன்றும். தேர்வு, விடுமுறை, புது வகுப்பு என்று நாட்கள் ஓடிவிட்டால், அடுத்த ஜனவரியில் மறுபடியும் எல்லாம் அரக்கப்பரக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறோம்.

எழுதுவது பதினோராம் வகுப்பு மாணவர்கள். கூத்தில் வேஷம் கட்டியவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள், திரை பிடித்தவர்கள், எதிலும் சேர்க்கப்படாமல் நாற்காலி அடுக்கியவர்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதியது. இரண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் பயம். அவர்கள் சொன்னதையும் இதில் சேர்த்திருக்கிறோம். எது என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒரு நன்றி. எங்களுக்கு முன்னால் படித்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இந்த மேடை கிடைக்கவில்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் பொதுத்தேர்வு என்றான பிறகு, ஒன்பதாம் வகுப்போடு மேடை முடிந்தது என்பது நம் பள்ளியில் எழுதப்படாத சட்டம் ஆகிவிட்டது. 2025-26இல் அரசு பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. எடுத்ததும், "சரி, உங்களுக்கும் ஒரு அயிட்டம் தருகிறோம்" என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லாமலே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு அயிட்டத்தை வைத்துத்தான் நாங்கள் கூத்துப் போட்டோம்.

கூத்து என்று சொன்னதும் ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுந்ததாகக் கேள்விப்பட்டோம். செய்யாற்றுப் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கூத்து ஆடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. கூத்துக்குப் பேர்போன புரிசை நமக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். சென்னையில் 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர்கள் அந்தப் புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம்தான் கூத்துக் கற்றுக்கொண்டார்கள். பங்குனி சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, துரியோதனன் விழுகிற படுகளம் வரைக்கும் எங்கள் பாட்டிகள் பாயோடு போய் உட்காருவார்கள். நாங்களும் அந்தப் பாயில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். பள்ளி மேடைக்கு மட்டும் அது ஏன் பழங்கால விஷயம் ஆகிவிடுகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறோம்.

விழா முடிந்த மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினீர்கள். "எட்டு நிமிடம் அசத்திவிட்டீர்கள்" என்றீர்கள். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அந்த எட்டு நிமிடத்தில் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு மாதம், சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் கிடைத்தது. நீங்கள் காசும் நேரமும் கவனமும் செலவழித்ததெல்லாம் மேடைக்கு. ஒத்திகையை நாங்கள் திருடித்தான் நடத்த வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்தில் நாங்கள் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அந்த வேப்பமரத்தடியில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை; தமிழ் ஐயா வந்தார், இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனுடைய பெரியப்பா. நாற்பது வருடமாக வேஷம் கட்டுகிறவர், பகலில் தறி நெய்கிறவர். நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் அவர் ஆட்டமும் சொல்லித் தரவில்லை, பாட்டும் சொல்லித் தரவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "உன் பேரைச் சொல்லு" என்றார். சொன்னோம். கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். கத்தினோம். "கத்தாத, சொல்லு. கடைசியில உக்காந்திருக்கிற கிழவிக்குச் சேரணும்" என்றார். அன்று முழுக்க எங்கள் பெயரை நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது எங்களில் பாதிப்பேருக்குக் குரல் மேசையைத் தாண்டாது. மைக் இல்லாமல் மைதானத்தைக் கடக்க முடியும் என்று அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது கிருஷ்ணன் தூது போகிற பகுதி. பாதி நாடு கொடு, முடியாவிட்டால் ஐந்து ஊர் கொடு, அதுவும் முடியாவிட்டால் ஐந்து வீடாவது கொடு என்று கிருஷ்ணன் கேட்பதும், ஊசி முனை குத்தும் இடம்கூடத் தரமாட்டேன் என்று துரியோதனன் மறுப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்த கதைதானே என்று நாங்களும் நினைத்தோம். வாத்தியார் தூதுக்கு முந்தைய கதையைச் சொன்னார். வில்லிபுத்தூரார் பாரதத்தில், தூது கிளம்பும் முன் கிருஷ்ணன் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்கிறான். சகாதேவன் மட்டும், போர் நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் உன்னைக் கட்ட வேண்டும் என்கிறான், கட்டியும் காட்டுகிறான். இதைக் கேட்டதிலிருந்து எங்களுக்குள் சண்டை. கிருஷ்ணன் சமாதானம் பேசத்தான் போனானா, இல்லை போருக்குக் காரணம் தேடிப் போனானா? துரியோதனன் பக்கம் ஒரு கட்சி, கிருஷ்ணன் பக்கம் ஒரு கட்சி. பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்த வாக்குவாதம் போகும். நடத்துநர் ஒருநாள், "யாருப்பா அந்தத் துரியோதனன், இன்னும் டிக்கெட் எடுக்கல" என்றார். செய்யுள் பகுதியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படிக்கும் எந்தப் பாட்டைப் பற்றியும் நாங்கள் பேருந்தில் சண்டை போட்டதில்லை.

அப்புறம் கட்டை. கூத்தில் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டுகிற அணிகலன்கள் மரத்தில் செய்தவை, கல்யாண முருங்கை மரம். கனம் இருக்காது, செதுக்கவும் சுலபம். வாத்தியார் தன்னுடைய கட்டைகளைத் தருகிறேன் என்றார். நாங்களே செய்து பார்க்கிறோம் என்றோம். ஒருத்தி வீட்டு வேலியில் நின்ற கல்யாண முருங்கையில் இரண்டு கிளை வெட்டி வந்தோம். செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஜிகினாத் தாள் ஒட்டி, உடைந்த கண்ணாடியைச் சில்லுச் சில்லாகப் பதித்தோம். மரம் ஈரமாக இருந்ததால் முதலில் ஒட்டிய தாளெல்லாம் சுருண்டு வந்துவிட்டது. மரம் காய எத்தனை நாள் ஆகும், ஏன் ஓரம் மட்டும் முதலில் வெடிக்கிறது என்று தாவரவியல் டீச்சரிடம் போய்க் கேட்டோம். அவர் விளக்கம் சொல்லிவிட்டு, "இதெல்லாம் எதற்கு, பாடத்தைப் படிங்க" என்றார். டீச்சர், அதுதான் பாடம்! கோபித்துக்கொள்ள வேண்டாம், அன்று சொல்ல வாய் வரவில்லை.

இவ்வளவும் எந்த நேரத்தில் நடந்தது? விளையாட்டு வேளை, மதிய உணவு இடைவேளை, நான்கு மணிக்கு மேல். நான்கு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு இருந்தால் அதுவும் இல்லை. முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரோ வருகிறார்கள் என்ற செய்தி வந்தால், "எல்லாம் வகுப்புக்கு ஓடுங்க" என்று விரட்டப்பட்டோம். மிருதங்கத்தை வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ஓடியிருக்கிறோம். அரசே இப்போது எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்தச் சொல்லி நிதி ஒதுக்குகிறது. விழா நடத்துவது அரசு ஆணை என்றால், அதற்கு ஒத்திகை பார்ப்பது எப்படிக் குற்றம் ஆகும்? கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு என்பதால் வெளியூர் மாணவிகள் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. பாதி நேரம் துரியோதனன் இல்லாமலேதான் கிருஷ்ணன் தூது பேசினான். ஆமாம், துரியோதனன் ஒரு மாணவிதான். காலங்காலமாகக் கூத்தில் ஆண்கள் பெண் வேஷம் கட்டினார்கள். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். வாத்தியாருக்கு இதில் ஒரு தயக்கமும் இல்லை. அவளுடைய அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் மூன்று வீட்டுக்காரர்கள் போக வேண்டியிருந்தது.

இனி மற்ற அயிட்டங்களைப் பற்றி. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. சொல்லிவிடுகிறோம்.

சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற நடனங்களுக்கு ஆள் எடுத்தது எப்படி? எட்டாம் வகுப்பு மாணவிகளை வரிசையாக நிற்க வைத்து, உயரம் பார்த்தீர்கள். அது பரவாயில்லை. அப்புறம் "கொஞ்சம் கலரா இருக்கிற பிள்ளைகள் முன்னால வாங்க" என்று சொன்னதை நாங்கள் கேட்டோம். விழா அன்று, மாநிறத்துக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்குப் பவுடர் இரண்டு பூச்சு கூடுதலாகப் போட்டார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஒரு பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுதாள். மேக்கப் கலைகிறது என்று திட்டும் வாங்கினாள். அதே அறையின் அடுத்த மூலையில் எங்கள் வாத்தியார் கிருஷ்ணனுக்குப் பச்சையும் துரியோதனனுக்குச் சிவப்பும் பூசிக்கொண்டிருந்தார். அரிதாரத்துக்குக் கீழே யார் கறுப்பு, யார் வெளுப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை, தெரியவும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் நின்றிருந்தால் இந்தப் பத்தியை நாங்கள் எழுத வேண்டியிருந்திருக்காது.

உடை வாடகை ஆளுக்கு 450 ரூபாய் என்றார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடை. கட்ட முடியாதவர்கள் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம் என்றார்கள். யாராவது எழுந்து நின்று, எங்கள் வீட்டில் 450 ரூபாய் இல்லை என்று சொல்வார்களா? "எனக்கு ஆடப் பிடிக்கல மிஸ்" என்றுதான் சொன்னார்கள். நீங்களும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பெயரை அடித்துவிட்டீர்கள். எங்கள் கூத்துக்கு மொத்தமாக ஆன செலவு, ஜிகினாத் தாள், பசை, அரிதாரம், வாத்தியாரின் பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து, நான்கு பேருடைய உடை வாடகையைத் தாண்டவில்லை. கூத்துதான் உயர்த்தி, டான்ஸ் மட்டம் என்று சொல்ல வரவில்லை. எங்களில் பலருக்கு அந்த டான்ஸ் பிடிக்கும். அதே பாட்டுக்கு வீட்டில் இருக்கும் பாவாடை தாவணியில் ஆடினாலும் அம்மாக்கள் கைதட்டத்தான் போகிறார்கள்.

கலைத் திருவிழா என்று 2022-23இலிருந்து அரசு நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி போகும். ஜெயிக்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். நல்ல விஷயம். நம் பள்ளியிலிருந்து பறையாட்டத்தில் மாவட்டம் வரை போனார்கள். ஆனால் அது போட்டி. நன்றாகச் செய்கிறவர்களைத் தேடி எடுப்பதுதான் அதன் வேலை. ஆண்டு விழாவிலும் அதே சல்லடையைப் போட்டுச் சலித்தால், மிச்சம் இருக்கிற பிள்ளைகள் எந்த மேடைக்குப் போவார்கள்? நாற்காலி அடுக்குவதற்கா?

விழா நாளைப் பற்றி உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறோம். நான்கு மணிக்கு என்று அழைப்பிதழ். சிறப்பு விருந்தினர் வந்தது ஆறரைக்கு. அதன் பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை. சின்னப் பிள்ளைகள் மதியம் இரண்டு மணியிலிருந்து மேக்கப்போடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் மயிலாக வந்த பிள்ளை, தோகை கலையக்கூடாது என்று சுவரில் சாயாமலே உட்கார்ந்து தூங்கிப்போனான். மாணவிகள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் ஊக்கு முப்பதைக் கழற்ற வேண்டும். கழற்றிப் போனாலும் அங்கே தாழ்ப்பாள் இல்லை.

தாழ்ப்பாள் என்றதும் கட்டியக்காரன் நினைவுக்கு வருகிறான். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. ராஜாவையே கிண்டல் செய்யலாம், ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்யலாம், நடப்பு விஷயத்தைப் பாரதத்துக்குள் கொண்டுவரலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கம். எங்கள் கட்டியக்காரனும் ஒரு மாணவிதான். கிருஷ்ணன், "ஐந்து வீடாவது கொடு" என்று கேட்டதும் அவள் குறுக்கே வந்து, "சாமி, அஞ்சு வீடெல்லாம் வேண்டாம். எங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்குத் தாழ்ப்பாள் வச்ச கக்கூஸ் அஞ்சு கேளுங்க. அதையே இந்த மகராசன் தரமாட்டாரு!" என்பாள். ஒத்திகையில் இந்த இடத்தில் விழுகிற சிரிப்பில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிடும். விழாவுக்கு முந்தைய நாள், சிறப்பு விருந்தினர் முன்னால் இதெல்லாம் வேண்டாம் என்று அந்த வரியை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டோம்.

ஆனால் மேடையில் என்ன ஆனது என்று கவனித்தீர்களா? கிருஷ்ணன் ஐந்து வீடு கேட்டான். கட்டியக்காரன் குறுக்கே வந்தாள், வாயைத் திறந்தாள், வரி எடுக்கப்பட்டது நினைவு வந்து, வாயை மூடிக்கொண்டு துரியோதனனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் ஒரு மாதமாக மரத்தடிக்கு வந்து ஒத்திகை பார்த்தவர்கள்; வரி அவர்களுக்கு மனப்பாடம். சிறப்பு விருந்தினர் என்ன என்று பக்கத்தில் கேட்டதையும், யாரோ அவர் காதில் ஏதோ சொன்னதையும் மேடையிலிருந்தே பார்த்தோம். அவரும் சிரித்தார். அவருக்கு என்ன சொல்லப்பட்டதோ!

சாதிப் பாட்டு, கட்சித் துண்டு, ஆபாச வரி இதெல்லாம் மேடைக்கு வரக்கூடாது என்பதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. நீங்கள் தணிக்கை செய்யத்தான் வேண்டும். தாழ்ப்பாள் அதில் எந்த வகையில் சேரும் என்பதுதான் கேள்வி. தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

எங்கள் முறை வந்தபோது ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது என்று காவலர் மைக் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அவர் மேல் தப்பில்லை. இருபது நிமிடக் கூத்து எட்டு நிமிடம் ஆனது அப்படித்தான். திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற விருத்தம் போயிற்று, சபை வர்ணனை போயிற்று, துரியோதனன் இறங்கி ஆடுகிற ஆட்டத்தில் பாதி போயிற்று. ஊரில் கூத்தே பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும், இங்கே பத்து மணிக்கு முடிக்கச் சொல்கிறார்கள் என்று வாத்தியார் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தோம். மேடைக்குப் பின்னால், துணிப் பந்தலை ஒட்டி ஜெனரேட்டர், அதன் வயர் வேஷம் கட்டும் அறை வாசல் வழியாக. வெளியே போக ஒரே வழி, அதிலும் நாற்காலி அடுக்கு. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவில் டப்வாலி என்ற ஊரில், ஒரு பள்ளி ஆண்டு விழாவில்தான் பந்தல் தீப்பிடித்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். கும்பகோணத்தில் 2004இல் 94 குழந்தைகள் போனதை நீங்கள் எங்களுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் சொல்கிறீர்கள். பந்தல்காரரிடம் இரண்டு வழி விடச் சொல்லுங்கள், ஜெனரேட்டரைச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். இதற்குக் குழுக் கூட்டமெல்லாம் தேவையில்லை.

வாத்தியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று மேடையில் ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஒரு மாதம் தறியை நிறுத்திவிட்டு வந்தவர் மேடைக்குப் பக்கத்தில் ஹார்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நன்றியுரையில் ஒலி, ஒளி அமைத்தவர் பெயர் வந்தது, பந்தல்காரர் பெயர் வந்தது. அவர் பெயர் வரவில்லை. அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களால் அப்படி விட முடியவில்லை. 2012இல் அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. நம் ஓவிய ஆசிரியர் அவர்களில் ஒருவர். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார், அந்த மூன்று அரை நாளிலும் அவரை வருகைப் பதிவேடு எழுதச் சொல்கிறீர்கள். அவர் எங்களுக்கு மேடைத் திரை வரைந்து தந்தது தன்னுடைய ஞாயிற்றுக்கிழமையில். கலைக்கு ஆள் இல்லை என்று பள்ளியில் அடிக்கடி சொல்கிறார்கள். ஊரில் ஆள் இருக்கிறது. விழா நிதியில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகிற தொகையைப் பாதியாக்கினாலே இந்த வாத்தியாருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வருட விழாவுக்கு ஜனவரியில் ஒத்திகை தொடங்க வேண்டாம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கட்டும். வாரத்தில் இரண்டு வேளை கால அட்டவணையிலேயே ஒத்திகை என்று எழுதிப் போடுங்கள், யார் ஆய்வுக்கு வந்தாலும் நாங்கள் ஓடி ஒளிய வேண்டாம். முடிந்தால் அவர்களையும் மரத்தடிக்குக் கூட்டிவாருங்கள். சேர விரும்புகிற எல்லோரையும் சேருங்கள். நூறு பேர் வந்தால் நூறு பேருக்கும் வேலை இருக்கிற மாதிரி அயிட்டம் யோசிக்கலாம், பாரதத்தில் சேனைக்கா பஞ்சம்? உடை வாடகை வேண்டாம். கலை நிகழ்ச்சிகள் முதலில், உரைகள் பிறகு. பிள்ளைகள் ஆடி முடித்ததும் விருந்தினர் பேசட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். முன்வரிசை சோபாவில் கொஞ்சம் பெற்றோருக்கு. பின்னால் நின்று பார்த்த அம்மாக்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த போன்களின் முதுகுதான்.

பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி ஒன்று. எங்களுக்கு அடுத்த வருடம் பொதுத்தேர்வு, மேடை கிடையாது என்பது தெரியும். அதைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினான்கு பேர் கூத்துக் கற்க வேண்டும் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். காலாண்டு முடிந்து அரையாண்டு வரைக்கும் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் அவர்களுக்கு அடவும் பாட்டும் சொல்லித் தருகிறோம், வாத்தியாரும் வருகிறேன் என்றிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நேரம் வீணாகிறது என்று தயவுசெய்து தடுத்துவிடாதீர்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நேரில் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வோம். கட்டைகளும் கிரீடமும் வேதியியல் ஆய்வகத்துப் பின் அலமாரியில், அமில பாட்டில்களுக்குக் கீழ்த்தட்டில் இருக்கின்றன. விடுமுறைக்கு முன் வேறு இடத்துக்கு மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்
(இரண்டு பேர் நீங்கலாக)